பத்துக்கு மூன்று தரம்

“கைக்கு வராதத கொப்பியில எழுதி என்ன செய்யப் போற புள்ள?” என்று விவேகானந்தன் அண்ணன் ஒருமுறை கேட்டார். எனக்கு ஆட்களோடு பேச வராது. எழுந்து நின்று வாசிக்கச் சொல்கிறார்கள் என்பதற்காகவே ஒன்பதாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

கட்டுகஸ்தோட்டையில் ஹாஷிம் நானாவின் டீவி கேம் கடையைக் கூட்டித் துடைப்பது என் வேலை. ஆள் இல்லாத நேரம் சண்டை விளையாட்டு விளையாட விடுவார். அதில் எழும்பு குத்து என்று ஒன்று உண்டு. இடது கட்டைவிரலால் முன், கீழ், சரிவு என்று கண் இமைப்பதற்குள் அழுத்தி, வலது கையால் குத்தைத் தட்ட வேண்டும். எனக்குப் பத்துக்கு மூன்று தரம் வரும். தையல்காரரான விவேகானந்தன் அண்ணனுக்குப் பத்துக்குப் பத்து.

பத்துக்கு மூன்று தரம் வருவதை ஆயுதமென்று சொல்ல முடியாது. அதனால் கீழ் உதையையும் தடுப்பையும் மட்டும் வைத்துக்கொண்டு, எதிராளி பிழை விடும்வரை காத்திருப்பேன். அதுதான் வியூகம். ஒவ்வோர் அடியையும் கொப்பியில் குறித்து வைப்பேன். எல்லாரையும் அப்படி வென்றேன். அண்ணன் மட்டும் பிழை விடவில்லை. யோசித்துப் பார்த்தால், கோளாறு அவர் விரலில்தான் இருந்தது, என் வியூகத்தில் இல்லை.

ஒரு ஞாயிறு போட்டி வைத்தார்கள். வென்றவர் பெயரைச் சுவரில் பெயின்டால் எழுதுவதாக ஹாஷிம் நானா சொன்னார்.

கண்டியில் குண்டு வெடித்த வருடம் அது. டவுனுக்குப் போகும் பஸ்களைப் பொலிஸ்காரர்கள் நிறுத்திப் பைகளைத் திறந்து பார்ப்பார்கள். அண்ணன் சனிக்கிழமைகளில் நூலும் பொத்தானும் வாங்க டவுனுக்குப் போவார். போகுமுன் ஓர் ஆட்டம் ஆடுவார். “பையப் பாத்துக்க புள்ள” என்று என்னிடம்தான் தருவார். நான் என் குறிப்புகளைப் புதுக் கொப்பியில் அழகாகப் பிரதி செய்து, போட்டிக்கு முந்தின சனிக்கிழமை அந்தப் பைக்குள் வைத்தேன். ஒரு பொய்யும் எழுதவில்லை. பின்வாங்கு. கிட்ட வரும்வரை பொறு. கீழிருந்து அடி. மூலைக்கு ஒதுக்கி நெருப்பு எறி. சண்டை நடக்கும் இடங்களையும் விளையாட்டில் உள்ளபடியே எழுதினேன்: பாலம், சந்தை, ரயில் நிலையம். கொப்பி தொலைந்துவிடக் கூடாதென்று முதல் பக்கத்தில் அவர் பெயரைப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. வராதவர் தோற்றவர் என்பது கடைச் சட்டம். என் பெயர் சுவரில் ஏறியது.

செவ்வாய்க்கிழமை அவருடைய அம்மா அங்கம்மா வந்து வாசலில் உட்கார்ந்தார். “எம்புள்ளைய பஸ்ஸில வச்சுப் புடிச்சிட்டாங்க. சண்டத் திட்டம் எழுதி வச்சிருந்தானாம். சட்ட அளவு எழுதவே என்னையக் கூப்பிடுறவன் அவன்.”

ஹாஷிம் நானாவுக்கு விளங்கிவிட்டது. டீவியையும் கேம் பெட்டியையும் த்ரீவீலில் ஏற்றிக்கொண்டு பொலிசுக்குப் போய் விளையாடிக் காட்டினார். அங்கே பெரியவர் ஒரு மணித்தியாலம் விளையாடி, ஒவ்வொரு முறையும் தோற்று, முன்னைவிடச் சந்தேகப்பட்டாராம்.

“நீயும் இப்பிடி எழுதுற தானே தங்கச்சி” என்றார் நானா. “ஒன்ட கொப்பியெக் காட்டினா, இது கேம் எண்டு நம்புவாங்க. புள்ளைய விட்டுருவாங்க.”

என்னிடம் கொப்பி இல்லையென்று தலையாட்டினேன். அடுத்த போட்டிக்கு மூன்று மாதம்தான் இருந்தது.

பதினான்கு மாதம் கழித்து அண்ணன் வந்தார். “தெனமும் அதே கொப்பிய விரிச்சு வச்சுத்தான் கேட்டாங்க நானா. ஒவ்வொரு எழுத்தும் கண்ணுக்குள்ள நிக்கிது” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “ஒரு ஆட்டம் போடுவமா புள்ள?” என்றார்.

இடது கட்டைவிரல் அவருக்கு மடங்கவில்லை. எழும்பு குத்து ஒரு தரமும் வரவில்லை. திரையில் அவருடைய ஆள் கும்பிடுவதுபோலக் குனிந்து குனிந்து எழும்பினான். கீழ் உதையால் அடுத்தடுத்து மூன்று ஆட்டம் நான் வென்றேன். அந்தக் கடையில் அன்றுதான் முதன்முதலாக வாய் திறந்தேன்.

“கைய நம்பக் கூடாதுண்ணே. யோசனதான் முக்கியம்.”

ஆட்டம் முடிந்ததும் முடிவை எழுதிவைப்பது என் வழக்கம். மடியில் கொப்பியை விரித்து எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார். முதலில் எழுத்தையும் பிறகு என் முகத்தையும் நெடுநேரம் பார்த்தார். அப்புறம், தோல்வியை ஏற்கத் தெரியாதவர்போல எழுந்து போய்விட்டார்.