மூன்று படகுகளைப் போகவிட்டவள்

– பதில் சொல்லிட்டேன் யோருன். முடியாது.

– முடியாதுங்கறது பதில் இல்ல, சுன்னிவா. காரணம் சொல்லு. மூணு மணிக்கு மேடை ஏறப்போற. ஊரே உக்காந்திருக்கும். அந்தப் பாட்டைப் பாடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வாக்கியம்: 'இது என் கதை இல்ல, இதே தீவுல இருக்கிற யோருனோட கதை.' இதைச் சொல்ல உன் நாக்குக்கு என்ன கேடு?

– முதல்ல கதவைச் சாத்து. வெளிய டிவிக்காரங்க நிக்கிறாங்க.

– சாத்தியாச்சு. போதுமா? எதுக்கு மூஞ்சியைச் சுளிக்கிற?

– சாக்ஸ் நாத்தம். வேற ஒண்ணுமில்ல. நான் குறை சொல்லல.

– நாம இந்தப் பள்ளிக்கூடத்துல உடுப்பு மாத்தினப்பவும் இதே அறைதான், இதே நாத்தம்தான். ஓஸ்லோ போனதும் பாடகியம்மாவுக்கு மூக்கு புதுசா முளைச்சிருச்சு.

– பாரு, நான் சண்டைக்கு வரல. ஊர்வலம் முடிஞ்சதும் பிள்ளைங்களுக்கு நாலு பாட்டு பாடச் சொல்லி கமிட்டி கேட்டுச்சு, வந்தேன். மே பதினேழு, நாட்டோட தேசிய நாளுக்கு என்னை மூணு பெரிய ஊர்ல கூப்பிட்டாங்க. வேணாம்னுட்டு இங்க வந்திருக்கேன்.

– கமிட்டி கேக்கல. நான் கேட்டேன். இந்த வருஷம் தலைவி நான்தான். கடிதத்துக்குக் கீழ என் பேரு இருந்துச்சே, கண்ணுல படலையா?

– கடிதமெல்லாம் மேனேஜர்தான் பாப்பாரு.

– ம்ஹ்ம். கடிதம் பாக்க ஒரு ஆளு. தலை சீவ ஒரு ஆளு. கதைக்கு மட்டும் யோருன்.

– பாட்டுங்கறது கற்பனை, யோருன். நாலு பேர்கிட்ட கேட்டதை ஒண்ணாக் கலந்துதான் எல்லாரும் எழுதறாங்க.

– நாலு பேரா? எண்ணலாமா? படகுத்துறைக் காத்திருப்பு அறை. ஹீட்டருக்குப் பக்கத்து நாற்காலி. மடியில கேக் டப்பா. ஒவ்வொரு படகுலயும் கூடப் படிக்கிறவங்க சிரிச்சுக்கிட்டு நிக்கிறாங்கன்னு மூணு படகைப் போகவிட்டுட்டு, நாலாவதுல தனியாப் போற பொண்ணு. அது நாலு பேரா? அது நான். அதை என் அம்மாகிட்டகூடச் சொல்லல. படகு லேட்டுன்னு பொய் சொன்னேன். ஒருத்திகிட்ட மட்டும்தான் சொன்னேன். அந்த ஒருத்தி அதுக்கு மெட்டுப் போட்டு ஜெர்மனி வரைக்கும் கொண்டுபோய் வித்திருக்கா.

– அந்தப் பொண்ணு நான்தான்னு ஒரு இடத்துலயும் நான் சொன்னதில்ல.

– இல்லைன்னும் சொன்னதில்லையே. ரேடியோவுல அந்தாள் கேட்டாரு, 'இவ்வளவு வலியை எப்படித் தாங்கினீங்க'ன்னு. நீ என்ன பண்ணே? 'அது என் வலி இல்ல'ன்னு சொல்லல. மூக்கை உறிஞ்சினே. நான் காரை ஓரம் கட்டிட்டுக் கேட்டேன், கேட்டியா. நீ சொல்றதுக்குள்ள நானே கத்திட்டேன், 'என்னைக் கேளுங்கய்யா'ன்னு.

– எனக்கு வந்த வாய்ப்பு உனக்குப் பொறுக்கல. அதைச் சொல்லிட்டுப் போ. இந்தத் தீவே இப்படித்தான். ஒருத்தி தன்னை ஒரு விரல் உயரமா நினைச்சுட்டாப் போதும், வெட்டறதுக்கு எல்லாரும் கத்தரியைத் தேடுவீங்க. நான் சும்மா போய் உக்காந்து பாடகி ஆகலடி. ரெண்டு வருஷம் காலை நாலு மணிக்கு எழுந்து பேக்கரியில மாவு பிசைஞ்சேன். எதிரொலி வரக்கூடாதுன்னு குளியலறையில துண்டு தொங்கவிட்டுப் பதிவு பண்ணேன். பாதிப் பாட்டுல மேல்வீட்டுக்காரன் தண்ணி திறந்துவிடுவான், மறுபடி ஆரம்பிப்பேன். முதல் ரெண்டு பாட்டை என்னைத் தவிர ஒரு ஈ காக்கா கேக்கல.

– மூணாவது என் பாட்டு. அதைக் கேட்டாங்க.

– அந்தக் கிதார் உறையை இப்படிக் குடு.

– என்ன, மேனேஜரைக் கூப்பிடணுமா பதிலுக்கு?

– பாரு, இப்ப நான் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போறேன். கேலி பண்ணப்பட்ட பிள்ளைங்களோட பேசறேன். கையைப் பிடிச்சுக்கிட்டு அழறாங்க. ஒரு பொண்ணு எழுதியிருந்தா, உங்க பாட்டைக் கேட்டுட்டுத்தான் மறுபடி வகுப்புக்குப் போனேன்னு. செப்டம்பர்ல ரெண்டாவது இசைத்தட்டு வருது. நீ சொல்ற அந்த ஒரு வாக்கியத்தை இன்னைக்குச் சொன்னா எல்லாம் போயிரும். அந்தப் பிள்ளைங்களுக்கு நான் என்ன ஆவேன்?

– என் கதையைச் சொன்ன தோழி ஆவே. அதுல என்ன குறைச்சல்? யோருன் என் தோழி, அவளுக்கு நடந்ததைப் பாட்டாக்கினேன்னு சொன்னா கைதட்டத்தான் போறாங்க. உனக்கு எதுல பயம்?

– பயமெல்லாம் இல்ல.

– அப்ப சொல்றதுக்கு என்ன தடை?

– உன் பேரைச் சொன்னா உன்கிட்ட வருவாங்க. யார் கேலி பண்ணாங்க, எப்படிப் பண்ணாங்கன்னு கேப்பாங்க. உன்னைக் கேலி பண்ண அந்த வேன் பாட்டைத் தோண்டுவாங்க. ஊர்ல யாராவது ஒருத்தர் போன்ல இன்னும் வெச்சிருப்பாங்க.

– தோண்டட்டுமே. எனக்கென்ன. அவமானப்பட வேண்டிய அளவுக்கு நான் அப்பவே பட்டாச்சு. பள்ளி முடிக்கிற வருஷம், வழக்கம்போல எல்லாரும் சிவப்பு உடுப்பு மாட்டிக்கிட்டு அந்தப் பழைய வேன்ல ஸ்பீக்கரைக் கட்டிக்கிட்டு மே ஒண்ணுலருந்து தீவைச் சுத்தினீங்க. அம்மாவுக்கு முடியலன்னு நான் இலையுதிர்காலத்துலயே வேன் குழுவுலருந்து விலகிட்டேன். சனி ஞாயிறு மீன் பண்ணையில வேலை. அதுக்குத் தண்டனையா, ஒவ்வொரு வேனும் தனக்குன்னு போடற பாட்டை என் மேல போட்டீங்க. திருநாளுக்குப் போடற என் பூனாட் உடுப்பைக் கேலி பண்ணி, என் நடையைக் கேலி பண்ணி, என் கை மீன் வாசனையைக் கேலி பண்ணி. பதினேழு நாள் ஓடுச்சு. கடைசி நாள் ஊர்வலத்துல சின்னப் பிள்ளைங்ககூட அதைப் பாடிக்கிட்டே கொடி ஆட்டுச்சுங்க. அன்னைக்குக் கழட்டின பூனாட் இன்னும் பெட்டியில கிடக்கு. இன்னைக்குத் தீவுல எல்லாப் பொம்பளையும் பூனாட்ல நிக்கிறா, தலைவி மட்டும் மழைக்கோட்டுல நிக்கிறா. பாத்தியா?

– பாத்தேன்.

– அதனால தோண்டட்டும். கெட்ட பேரு உனக்கு இல்லையே. வேன்ல நீ ஓரமா உக்காந்திருந்தே, அவ்வளவுதானே. பாட்டு உன் கூட்டாளி எஸ்கில் குரல்ல வந்துச்சு, அவன்தான் எழுதினான்னு ஊரே சொல்லுது.

– எஸ்கில் இன்னும் இங்கதான் இருக்கானா?

– எங்க போவான்? படகுல கார்களை வரிசைப்படுத்தறான். உன் வண்டியையும் காலைல அவன்தானே ஏத்தியிருப்பான். பாக்கலையா?

– கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். தூங்கிட்டேன்.

– ம்ஹ்ம். உன்னோட ஓஸ்லோ வரவேண்டியவன். பாட்டுக்குழுவுக்குப் பேரே ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தானே வெச்சிருந்தீங்க. இந்தத் தீவுல குரல்னா அவன் குரல், நீ அவனுக்குப் பின்னாடி கிதார் தட்டிக்கிட்டு நின்னவ. அந்த மே மாசத்துக்கப்பறம் அவன் வாயைத் திறந்து யாரும் கேக்கல. தேவாலயத்துலகூட உதட்டை மட்டும் அசைக்கிறான்.

– அவன்கிட்ட நீ பேசறதில்லையா?

– ஆறு வருஷமா ஒரு வார்த்தை இல்ல. தினம் காலையில அவன் கையைக் காட்டி என் காரைப் படகுல நிறுத்தறான், நான் கடலைப் பாத்துக்கிட்டிருப்பேன். நான் பேசலன்னு மத்தவங்களும் பேசறதில்ல. சின்ன ஊரு, பாவப்பட்டவ எந்தப் பக்கமோ எல்லாரும் அந்தப் பக்கம். அவங்கப்பா பிறந்தநாளுக்குப் பாதி நாற்காலி காலி. போன மாசம் கமிட்டிக் கூட்டம் நடந்துச்சு. இந்த வருஷ ஊர்வலத்துக்கு முன்னாடி கொடி பிடிக்க அவன் பேரை வாத்தியக்குழு எழுதிக் குடுத்திருந்துச்சு. நான் பேனாவை எடுத்து எல்லார் முன்னாடியும் அந்தப் பேரைக் கோடு போட்டு அடிச்சேன்.

– அடிச்சியா?

– அடிச்சேன். அவனும் அங்கதான் உக்காந்திருந்தான். என்ன சொன்னான் தெரியுமா? 'சரி, யோருன்.' அவ்வளவுதான். எழுந்து போய் எல்லார் காப்பிக் கோப்பையும் கழுவி வெச்சான். கையைத் துடைச்சுக்கிட்டுக் கிளம்பிட்டான்.

– அவன் ஒண்ணுமே சொல்லலையா? இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட, உன்கிட்ட, யார்கிட்டயும்?

– என்ன சொல்லணும்?

– ஒண்ணுமில்ல.

– ஒண்ணுமில்லாததுக்கு ஏன் இத்தனை தடவை கேக்குற?

– தட்டறாங்க... வர்றேன், பத்து நிமிஷம். ஆமா, கிதார் இங்கதான் இருக்கு. பத்து நிமிஷம்னு சொல்லு.

– போயிட்டாங்க. நீ சொல்லு.

– வேனுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு, யோருன். பாட்டை யார் எழுதினாங்கன்னு வேனுக்கு வெளிய சொல்லக்கூடாது. எந்த வருஷமும் அப்படித்தான், எந்த வேனும் அப்படித்தான். எல்லாரும் கையடிச்சு சத்தியம் பண்ணோம்.

– தெரியும். சொல்லு.

– எழுதினவங்களே பாடணும்னு இல்ல. நல்ல குரல் யாருக்கோ அவங்க பாடுவாங்க.

– சுத்தி வளைக்காத.

– அந்தப் பாட்டு எஸ்கில் எழுதல.

– யார் எழுதினா? நீயே சொல்லு.

– நான் எழுதினேன். ஒரே சாயங்காலத்துல. ஒண்ணு எழுதிக் குடு, சிரிப்பு வர்ற மாதிரி குடுன்னாங்க. அதுவரைக்கும் என் பாட்டை யாருமே கேட்டதில்ல யோருன். முதல் தடவையா எல்லாரும் என்னைச் சுத்தி உக்காந்து, ஒவ்வொரு வரிக்கும் சிரிச்சாங்க. எனக்கு நிறுத்த முடியல. எஸ்கில் படிச்சுட்டு, இது வேணாம்னான். நான்தான் வற்புறுத்தினேன். சத்தியமா, அது இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கல. வேன் ஓடின முதல் நாளுக்கு மறுநாள் காலையில ஏலக்காய் பன் வாங்கிக்கிட்டு உன் வீட்டுக்கு வந்தேன். சொல்லத்தான் வந்தேன். நீ கதவைத் திறந்ததும் என்னைக் கட்டிக்கிட்டு அழுதே, படகுத்துறையில உக்காந்திருந்ததைச் சொன்னே. அதுக்கப்பறம் எனக்கு வாய் வரல.

– பாட்டு மட்டும் வந்துச்சு.

– அடி. திட்டு. எதுவேணாப் பண்ணு.

– உன்னை அடிச்சு என்ன ஆகப்போகுது. டிவிக்காரங்களுக்கு ஒப்பனை செலவு.

– நான் மேடையில சொல்லிடறேன். எல்லாத்தையும். எஸ்கில் பேரை எடுத்துச் சொல்லி, அவன் எழுதலன்னு சொல்லிடறேன். தட்டு போகட்டும், ஊர் ஊராப் போய்ப் பேசறதும் போகட்டும். இத்தனை நாளா ஒவ்வொரு கச்சேரியிலயும் யாராவது எழுந்து நின்னு கேட்டுருவாங்கன்னு பயந்துக்கிட்டேதான் பாடியிருக்கேன். எனக்கே அலுத்துப்போச்சு.

– வாயால சொல்றது சுலபம். மைக் முன்னாடி போனதும் மூக்கை உறிஞ்சிட்டு வந்துருவே.

– மாட்டேன். நீயே முன்வரிசையில உக்காந்து பாரு.

– உக்கார மாட்டேன். உன்கூட மேடைக்கு வருவேன். பக்கத்துல நிப்பேன்.

– என் மேல உனக்கு நம்பிக்கை இல்லன்னா வந்து நில்லு. ஆனா நீ ஏன் அங்க நிக்கணும்? தப்பு பண்ணது நான். அவன்கிட்ட மன்னிப்பு கேக்க வேண்டியது நான். உனக்கு அங்க என்ன வேலை?

– அந்த வேன் முதல் நாள் எங்க வீட்டைத் தாண்டிப் போனப்பவே எனக்குத் தெரியும், சுன்னிவா.

– என்ன தெரியும்?

– என் பூனாட்டை அம்மா வாத்தியக்குழுவோட பழைய சாமான் சந்தையில வாங்கினாங்க. உள்மடிப்புல வேறொரு பொண்ணு பேரு தைச்சிருந்துச்சு. அதையும் பாட்டுல வெச்சிருந்தே. அந்த நூலைப் பிரிச்ச அன்னைக்கு, அறைக் கதவைச் சாத்திக்கிட்டு ஊசி பிடிச்சு என்கூட உக்காந்திருந்தது நீ ஒருத்திதான்.

– தெரிஞ்சுமா... தெரிஞ்சுக்கிட்டேயா இத்தனை வருஷம் எஸ்கிலை...

– மறுநாள் காலையில என் கதவைத் தட்டினது இந்தத் தீவுலயே நீ ஒருத்திதான். உன்னை வெறுத்திருந்தா எனக்குன்னு யாருமே மிச்சம் இருந்திருக்க மாட்டாங்க. ஆனா யாரையாவது வெறுக்காம என்னால எழுந்திருக்க முடியல, அதனால அவனை எடுத்துக்கிட்டேன்.