துண்டைக் கடித்துப் படுத்திருந்தவர்கள்

கொஞ்சம் காதைக் குடுங்க, தாயிமாரே, அண்ணாச்சிமாரே. கைப்பிடி அளவுக்கு ஒரு கதை இருக்கு. அதைச் சொல்லிட்டு மிச்சத்தைப் பேசுறேன்.

சாத்தூர்ப் பக்கம் அழகுமலைன்னு ஒரு லாரி டிரைவர். ரெண்டு கிட்னியும் போயிருச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் மெஷின்ல படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணினாத்தான் உசுரு. அந்த நோயில பெரிய தண்டனை எது தெரியுமா? ஊசி இல்ல, மருந்து இல்ல... தண்ணி! தாகத்துக்குத் தண்ணி குடிக்கக்கூடாது. அவர் சம்சாரம் சீனித்தாய் டம்ளர்ல அளந்துதான் ஊத்தும். சித்திரை வெயில்ல மனுசன் என்ன பண்ணுவான்? ஒருநாள் பஸ் ஸ்டாண்டுல, யாருக்கும் தெரியாம, ஒரு நன்னாரி சர்பத்தை வாங்கி மடமடன்னு குடிச்சிட்டார்.

மறுநாள் மெஷின்ல படுத்ததும் உடம்பு தூக்கித் தூக்கிப் போடுது. குளிர்... அப்படி ஒரு குளிர். "ஆகா, சர்பத் வேலையைக் காட்டிருச்சு"ன்னு நினைச்சார். நர்ஸைக் கூப்பிட்டாரா? கூப்பிடல. கூப்பிட்டா முதல் கேள்வி என்ன? "தண்ணி குடிச்சீங்களா?" அதுக்குப் பயந்து, வாயில துண்டை வச்சுக் கடிச்சுக்கிட்டு, போர்வையை இழுத்து மூடிப் படுத்துட்டார். அடுத்தடுத்த தடவையும் அதே குளிர்... அதே துண்டு.

இத்தனைக்கும் ஒரு ஏற்பாடு இருந்துச்சு. ஊர் ஊரா டயாலிசிஸ் பண்ணிக்கிறவங்க சேந்து போன்ல ஒரு குரூப் வச்சிருந்தாங்க. மெஷின்ல இருந்து இறங்கினதும், இன்னைக்கு உடம்பு எப்படி இருந்துச்சுன்னு அவங்கவங்க வாயால பேசிப் போடணும். எழுதப் படிக்கத் தெரியணும்னு இல்ல. ஒருத்தர் பட்ட பாட்டை எல்லாரும் கேக்கலாம். எவ்வளவு பெரிய காரியம்! அதுல அழகுமலை என்ன போட்டார்? "நல்லாருக்கேன்." பக்கத்துக் கட்டில் முப்பிடாதி அண்ணாச்சி என்ன போட்டார்? "நல்லாருக்கேன்." எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க! இம்புட்டு நல்லாருக்கிறவங்களுக்கு மெஷின் எதுக்குங்கிறேன்?

முப்பிடாதி அண்ணாச்சி ஒரு காய்ச்சல்ல போய்ச் சேந்துட்டார். கிட்னி நோயாளிதானே... ஏன்னு யாரும் கேக்கல. துட்டி கேக்கப் போன சீனித்தாய்கிட்ட, அவர் மக போனை எடுத்து அப்பா கடைசியாப் பேசினதைப் போட்டுக் காட்டுச்சு. "நான் நல்லாருக்கேன்." அந்த வார்த்தைக்கு நடுவுல பல்லு படபடன்னு அடிச்சுக்கிற சத்தம் கேக்குது... நம்ம வீட்டு நல்லாருக்கேனும் இப்படித்தானோன்னு சீனித்தாய்க்குச் சந்தேகம். வீட்டுக்கு வந்து, புருசன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற துண்டை உதறிப் பாத்துச்சு. முனையெல்லாம் கிழிசல்.

"இது ஏங்க இப்படிக் கிழிஞ்சிருக்கு?"

"எலி கடிச்சிருக்கும்."

"எலி வெத்தலை போடுமா? கறையைப் பாருங்க. உண்மையைச் சொல்லுங்க."

மனுசன் உடைஞ்சுட்டார். "சர்பத் குடிச்சேன் சீனி. அதுல இருந்து ஒவ்வொரு தடவையும் குளிரு. நீ திட்டுவியேன்னு..."

"திட்டுறதுக்கு நீங்க இருக்கணும்ல!"

நெத்தியைத் தொட்டுப் பாத்தா அனலாக் கொதிக்குது. போனை எடுத்துச்சு சீனித்தாய். "வேண்டாம், மானம் போயிரும்"னு கையைப் பிடிக்கிறார். விடல.

"சாத்தூர் அழகுமலை சம்சாரம் பேசுறேன். மெஷின்ல ஏறினதும் இவருக்குக் குளிர் நடுக்குது. சர்பத் குடிச்சாராம். இதுவரைக்கும் நல்லாருக்கேன்னு போட்டதெல்லாம் பொய்யி."

அப்புறம் ஒரு பொம்பளைப் பிள்ளை குரல். அதே ஆஸ்பத்திரி. "அக்கா, எனக்கும் நடுக்கம்தான். நான் ஆகாதுன்னு தெரிஞ்சும் கருவாடு தின்னுட்டேன்." இன்னொருத்தர், "எனக்கும். நான் மாம்பழம்." கடைசியா ஒரு வாத்தியார், "நான் எதையுமே திங்கல. எனக்கும் நடுங்குது. பயந்தாங்கொள்ளின்னு சொல்லுவாங்கன்னு பேசாம இருந்தேன்."

அப்பத்தான் கும்பகோணத்துல இருந்து ஒரு அம்மா பேசினாங்க. "எங்க பக்கமும் இப்படி வந்துச்சு. கருவாட்டுக்கும் குளிருக்கும் சம்பந்தமில்ல. ரத்தம் சுத்தம் பண்ண அந்த மெஷினுக்குள்ள நிறையத் தண்ணி போகுது. ஒரே இடத்துல இத்தனை பேருக்கு நடுங்குதுன்னா, முதல்ல அந்தத் தண்ணியைப் பாக்கச் சொல்லுங்க. உடனே போங்க."

விடிஞ்சதும் அத்தனை பேரும் டாக்டர் முன்னாடி நின்னாங்க. போனை மேசையில வச்சு, ஒவ்வொரு குரலாப் போட்டாங்க. டாக்டர் கடைசி வரைக்கும் கேட்டார். "இதை ஒருத்தர்கூட ஏன் என்கிட்டச் சொல்லல?"ன்னார். மெஷினை எல்லாம் நிறுத்திட்டு, எல்லாரையும் வேற ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சோதிச்சா... தண்ணி வர்ற குழாய்க்குள்ள கிருமி. அழகுமலை ரத்தத்துலயும் அதே கிருமி. இன்னும் ஒரு தடவை அங்க படுத்திருந்தா ஆள் தேறியிருக்க மாட்டார்னு டாக்டரே சொன்னார். பொழைச்சுக்கிட்டார், மக்களே... பொழைச்சுக்கிட்டார்.

இப்ப உங்களைக் கேக்குறேன். அந்தப் போன் முன்னாடியும் இருந்துச்சா இல்லையா? அந்தக் குரூப் இருந்துச்சா இல்லையா? அப்ப ஏன் முப்பிடாதி அண்ணாச்சியைக் காப்பாத்தல? நாம வாயைத் தொறந்து உள்ளதைச் சொன்னாத்தானே அதுக்குத் தெரியும்! தலைவலி வந்தாலும் நம்ம குத்தம், காய்ச்சல் வந்தாலும் நம்ம குத்தம்னு உள்ளுக்குள்ளயே முழுங்கிப் பழகிட்டோம். ஒருத்தர் முழுங்கினா அது அவர் தலையெழுத்துன்னு போயிரும். பத்துப் பேர் சேந்து சொன்னா, எங்க ஓட்டைன்னு தெரிஞ்சிரும். டாக்டருக்கும் அதுதான் உதவி.

அதனால, போனைக் கையில எடுத்தா பேரைச் சொல்லுங்க, ஊரைச் சொல்லுங்க, எங்க வலிக்குதுன்னு உள்ளபடி சொல்லுங்க. வெக்கப்படாதீங்க. நீங்க பாத்தே இராத ஏதோ ஒரு ஊர்ல ஒரு சம்சாரம் அதைக் கேட்டுட்டு, "எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்"னு தன் வீட்டுக்காரரைக் கையைப் பிடிச்சுத் தூக்குவா.