அறுபத்தாறு டிகிரி

முதன்முறையாக வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். சுத்தம் பார்ப்பார்கள், முளைகட்டிய பார்லியான மால்ட்டை அளப்பார்கள், சூட்டை மட்டும் கவனிக்க மாட்டார்கள். நானும் கவனிக்கவில்லை. கேட்டி என்கிற ஊரில் எங்கள் வீட்டு விருந்தினர் அறை அலமாரிக்குள் பீர் ஜாடியைப் புளிக்க வைத்துவிட்டு, டெக்சாஸின் மே மாதத்தை நம்பினேன். ஈஸ்ட் உயிருள்ளது. ஃபாரன்ஹீட் கணக்கில் எண்பது டிகிரியைத் தாண்டினால் கண்ட வாடையையும் கிளப்பும்.

அந்த பீரைத்தான் என் மாமனார் திருமூர்த்தி குடித்தார். மகளைப் பார்க்க உடுமலையிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்தவர். மின்வாரியத்தில் முப்பது வருடம் நாற்காலியைத் தேய்த்ததால் தனக்குத் தெரியாத மெஷினே கிடையாது என்று நினைப்பு. ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் பதினெட்டுப் பேர் நடுவில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாப்ள. நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணியாட்ட இருக்குதுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி தாமரைச்செல்வியும் சிரித்தாள். எங்கள் பக்கம் மாப்பிள்ளையின் இலையில் உப்புக் குறைந்தால்கூட மாமனார் பதறிப்போவார். இவருக்கு அந்த மரியாதையெல்லாம் விமானம் ஏறியதும் மறந்துவிட்டது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். அவர் சொன்னது உண்மை, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றை வாங்கி கராஜில் வைத்தேன். சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி பொருத்தினேன். ஜாடியில் சூடு அளக்கும் சென்சார் ஒன்றை ஒட்டினேன். முதல் ஜாடி ஏன் கெட்டது என்று பார்க்க, மாமா தங்கியிருந்த விருந்தினர் அறையில் மாட்டிய சென்சாரைக் கழற்றவில்லை. பேட்டரியில் ஓடும் சின்னத் திரையில் இரண்டு எண்களும் தெரியும்.

ஜூலையில் இரண்டாவது ஜாடியை வைத்த மறுநாள் புயல் அடித்துக் கரண்ட் போனது. தாமரை ஐசியூ நர்ஸ். புயல் என்றால் ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டும். கிளம்பும்போது ஒன்றுதான் சொன்னாள்.

"ஜெனரேட்டர்ல மொதல்ல அப்பா ரூம் ஏசிய கனெக்ட் பண்ணிடுங்க. பைபாஸ் பண்ணின உடம்பு."

நான் ஃப்ரிட்ஜை இணைத்தேன். ஜெனரேட்டர் இரண்டையும் தாங்காதா என்று கேட்டீர்கள். தாங்கும். ஆனால் பெட்ரோல் ஒன்றரை நாளில் தீர்ந்திருக்கும். பெட்ரோல் பங்குகளிலும் கரண்ட் இல்லை. பீரின் ருசியை முடிவு செய்வது முதல் மூன்று நாள்தான். இதெல்லாம் கணக்குப் பார்த்துத்தான் செய்தேன், நான் அவசரக்காரன் இல்லை.

முதல் நாள் மதியம் மாமா கராஜுக்கு வந்தார். பனியன் நனைந்து ஒட்டியிருந்தது. ஜெனரேட்டர் ஓடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றார்.

"ரெண்டையும் தாங்குமுங்க மாப்ள."

"தாங்காது மாமா. போய்ப் படுங்க."

அவ்வளவுதான் பேச்சு. மாப்பிள்ளையிடம் மாமனார் இரண்டாவது முறை கேட்க மாட்டார். மறந்துபோன மரியாதை அன்றைக்குப் பார்த்து அவருக்கு ஞாபகம் வந்தது. சரி என்று தலையாட்டிவிட்டு அறைக்குப் போய்விட்டார். கரண்டிலேயே முப்பது வருடம் இருந்த மனிதர். நான் சொன்னது பொய் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்.

அன்று மாலை தாமரை போனில் ஏசி போட்டாச்சா என்று கேட்டாள். போட்டாச்சு என்றேன். அவளிடம் ஏதாவது சொன்னாரா என்று நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். மாப்பிள்ளையைப் பற்றி மகளிடம் குறை சொல்கிற ஆள் இல்லை அவர்.

மூன்றாம் நாள் மதியம் கஞ்சி கொண்டுபோனபோது மாமா எழுந்திருக்கவில்லை.

அறை அவ்வளவு சூடாக இருந்தது தெரியாது என்று முதலில் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். மூன்று நாளும் திரையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். அறையில் தொண்ணூற்றொன்று, தொண்ணூற்றாறு, கடைசியில் நூற்றொன்று. ஜாடியில் அறுபத்தாறு, ஒரு டிகிரி ஏறவில்லை.

உங்கள் போலீஸ்காரர்கள் ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்காமல் இருந்திருந்தால், நேற்றோடு அது பாட்டிலில் அடைக்கிற பதத்துக்கு வந்திருக்கும். மாமா இருந்திருந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, இந்த முறை நன்றாக இருக்கிறது என்று பதினெட்டுப் பேர் முன்னாலும் அவரே சொல்லியிருப்பார்.