பெயர் தெரியாதவர், தமிழ் பேசுபவர்

காணாமல் போனவர்களைத் தேட எங்கள் இணையதளத்தில் இருக்கும் பக்கம் பார்க்க நன்றாக இருக்கும், சார். படம் இடப்பக்கம், விவரம் வலப்பக்கம். திருப்பதிக்கு வந்து வழிதவறியவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ள எங்கள் அறக்கட்டளைக்கு ஐந்து இல்லங்கள். தேடுபொறி எல்லாப் பதிவுகளையும் துழாவி, குறியீடுகள் நிறைந்த குவியலாகத் தரும். அதில் எதைப் பக்கத்தில் காட்டுவது என்று முடிவு செய்வது ஸ்டைல்ஷீட் டெம்ப்ளேட். அதை எழுதியவள் நான்.

என் மாமனார் பக்கிரிசாமிக்கு நினைவு போய் மூன்று வருடம். கணவர் ஜெயபிரகாஷுக்கு, மாமனார் வாயில் ஜேபி, ஸ்ரீசிட்டியில் வேலை. ஞாயிறு மட்டும் நகரியில் எங்கள் வீட்டுக்கு வருவார். வீட்டிலிருந்தே வேலை பார்த்தபடி குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அடி வாங்குவதும் நான். போன ஆடியில் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போன கணவர், திருப்பதி பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் வாங்கத் திரும்பிய நேரத்தில் தொலைத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் பதிவு வந்தது. சந்திரகிரி இல்லம். பெயர் தெரியாதவர், தமிழ் பேசுபவர். படத்தில் மாமனார். அன்று வீட்டில் மூத்திர வாடை இல்லை. மூன்று வருடத்தில் முதல்முறையாகப் பகலில் தூங்கி எழுந்திருந்தேன்.

அவர் பதிவை மட்டும் மறைத்தால் என் வேலை என்று தெரிந்துவிடும். ஒரு வகையையே விட்டுவிட்டால் பிழை போலிருக்கும். பெயர் தெரியாத தமிழர் யாரையும் காட்டாதே என்று டெம்ப்ளேட்டில் ஒரு நிபந்தனை சேர்த்தேன்.

ஞாயிறுதோறும் கணவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

"இன்னொருவாட்டி பாரு மஞ்சு. நைனா எங்கியோ பசியோட சுத்திகினு இருப்பாரு."

தேடுவேன். எதுவும் வராது. அவர் வேலையை விட்டுவிட்டு, படத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார்.

சந்திரகிரி இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் ஹரிபாபு ஒருமுறை போனில் சொன்னார்: "ஒரு தமிழ்ப் பெரியவரு மேடம், கேட் கிட்டயே குந்திகினு இருக்காரு. ஜேபி வந்துட்டானா, வந்துட்டானான்னு கேக்கறாரு. யாரும் தேடலையா?"

இல்லை என்றேன்.

தை மாதம் மாமனார் அங்கேயே இறந்தார். இல்லத்தாரே எரித்தார்கள். நிபந்தனையை நான் எடுக்கவில்லை. எடுத்தால் அவர் படம் வந்துவிடும்.

அந்த வகையில் பதினான்கு பேர் இருந்தார்கள், ஆறு பேர் இறந்துவிட்டார்கள் என்று பட்டியல் காட்டுகிறீர்கள். இருக்கலாம். பாலசமுத்திரத்துப் பெண் ஒருத்தி தன் கணவரைக் கேட்டு நான்கு முறை போன் செய்ததும் உண்மைதான். நான்கு முறையும் நானே தேடிப் பார்த்து, இல்லை என்றேன். குரலில் அவ்வளவு களைப்பு, சார். அவளுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.