செவலைக்காக ஒரு கேன்சல்

பொறுமையின் பொக்கிஷமாய் நடுநாயகமாக வீற்றிருக்கும் அவைத்தலைவர், பின்னலாடை வணிகர் சங்கத்தின் பெருந்தூண் பொங்கியண்ணன் அய்யா அவர்களே! பல்லாண்டு பூட்டிக் கிடந்த நொய்யல் மோட்டார்ஸ் ஆலையை விலைக்கு வாங்கி, துருவைத் துடைத்து, மறுபடியும் உயிரூட்டியிருக்கும் நிர்வாக இயக்குநர் மோகன்ராஜ் அவர்களே! ஊசி முனையால் உலகத்துக்கே உடுத்திவிடும் தாய்மார்களே! இரவு ஷிப்டு முடித்துக் கண் சிவக்க வந்திருக்கும் தம்பிமார்களே! மொழி புரியாவிட்டாலும் கைதட்டலில் குறை வைக்காத ஒடிசா, பீகார் சகோதரர்களே! பிரியாணிப் பொட்டலம் கூட்டத்துக்கு முன்பா பின்பா என்று கடைசி வரிசையில் விசாரித்துக்கொண்டிருக்கும் பெரியோர்களே! பின்புதான். ஆகவே அமருங்கள்.

அச்சுப்பட்டறை வேல்விழியின் அன்பு வணக்கம் அனைவருக்கும் உரியது!

ஐந்து நிமிடம் வாழ்த்துரை என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். வாழ்த்த வந்தவள்தான், ஆனால் வழக்காடாமல் போக மாட்டேன். அவிநாசிபாளையத்து மைதானத்துக்கு இத்தனை பேர் வந்தது எதற்கு? இதோ, என் பின்னால் பச்சைத் துணி போர்த்தி நிற்கிறதே ஜீப்பு, அதைப் பார்க்கத்தானே? அதன் பெயர் என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்.

செவலையா? ஆசை தோசை அப்பளம் வடை! துணிக்கு அடியில் எழுதியிருப்பது எக்ஸ்-டி-நைன். ஏனம்மா முகத்தைச் சுளிக்கிறீர்கள்? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

இளைய தலைமுறைக்காகச் சொல்கிறேன். பழைய நொய்யல் கம்பெனி மூன்று ஜீப்புகள் விட்டது. காங்கேயம் மாட்டின் நிறங்களையே அவற்றுக்குப் பெயராகச் சூட்டியது. காரி, மயிலை, செவலை! கல்லும் கரடும் கண்டால் காரி, மணலும் மேடும் கண்டால் மயிலை, சேறும் சகதியும் கண்டால் செவலை! அந்த மூன்று பெயர்களையும் மறுபடி வைப்பதாகத்தான் மோகன்ராஜ் சாரும் முதலில் முடிவெடுத்தார். முதல் வண்டி செவலை. அறிமுக விழாவுக்கு டீ-சர்ட் அடிக்கும் ஆர்டரை என் பட்டறைக்கே தந்தார். முதுகு நிறைய, கொட்டை எழுத்தில், செவலை! சொந்தமாகத் தொழில் தொடங்கி எனக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் அது.

அச்சடித்து, காயவைத்து, மடித்து, அட்டைப்பெட்டியில் அடுக்கி முடித்த அன்று பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். பெயரில் மாட்டு வாசனை அடிக்கிறது என்றார். ஐயா, மாட்டு வாசனை அடிக்காத இடத்தில் ஓட்டுவதற்கு எதற்கு ஜீப்பு? லிப்டு போதாதா? ஆனால் அவர் கண்ணாடிப் பலகையில் கோடு கோடாகப் போட்டுக் காட்டினார். செவலை போய் எக்ஸ்-டி-நைன் வந்தது. என் ஆர்டர் கேன்சல்!

கேன்சல்! திருப்பூரில் இந்தச் சொல்லைக் கேட்டுத் திடுக்கிடாத நெஞ்சு உண்டா? இடி இடித்தால்கூடத் துணி நனையுமே என்று ஓடுவோம். கேன்சல் என்றால் ஓடவும் கால் வராது. அன்று பட்டறையில் உட்கார்ந்து அழுதேன். மறைப்பானேன்? அப்புறம் ஊர் வழக்கப்படி மொத்த லாட்டையும் மிச்சத் துணி விற்கும் காதர்பேட்டைச் சந்தைக்கு அனுப்பி, வந்த விலைக்குத் தள்ளிவிட்டேன்.

தள்ளியதுதான் தாமதம், தெருவெல்லாம் செவலை! டீக்கடையில் செவலை, டவுன் பஸ்ஸில் செவலை, சாயப்பட்டறையில் செவலை! பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளையின் தம்பி முதுகிலும் செவலை! கம்பெனி கைவிட்ட பெயரைக் காசு கொடுத்து வாங்கி முதுகில் சுமந்தது இந்த ஊர்.

மோகன்ராஜ் சார் மனசாட்சி உள்ளவர். என் நட்டத்தை ஈடுகட்ட, எக்ஸ்-டி-நைன் டீ-சர்ட் ஆர்டரையும் எனக்கே கொடுத்தார். அதுவும் அச்சாகிவிட்டது. இப்போது என் பட்டறையில் பெட்டி பெட்டியாய் இருக்கிறது.

இனிமேல்தான் கதையே! போன மாதம் மூலனூரில் சாமியாத்தாள் அக்கா தோட்டத்தில் விளம்பரப் படம் எடுத்தார்கள். முருங்கைக்காய் மண்டி நடத்துகிறவர், இன்றைக்கும் பழைய செவலையில்தான் மண்டிக்கு வருகிறவர். அதோ, முதல் வரிசையில் சிரிக்கிறார் பாருங்கள்! படத்தில் கூட்டமாக நிற்க எங்கள் பட்டறைத் தம்பிகளையும் பக்கத்துக் கம்பெனி ஒடிசாத் தம்பிகளையும் வேனில் அழைத்துப் போயிருந்தோம். ஆளுக்கொரு புது எக்ஸ்-டி-நைன் டீ-சர்ட் கொடுத்தேன். முதல்நாள் மழை. சார்தான் ஓட்டினார். வண்டி வாய்க்கால் ஓரம் இறங்கியது. இறங்கியது... இறங்கிக்கொண்டே இருந்தது!

எல்லோரும் தள்ள ஓடினார்கள். ஓடுவதற்கு முன் என்ன செய்தார்கள் தெரியுமா? புது டீ-சர்ட்டில் சேறு படக்கூடாதென்று கழற்றிக் கவரில் பத்திரப்படுத்தினார்கள். வீட்டிலிருந்து போட்டு வந்த பழையதை மறுபடி மாட்டிக்கொண்டார்கள். பழையது எது? காதர்பேட்டையில் வாங்கியது! அத்தனை முதுகிலும் செவலை!

சார் வண்டிக்குள்ளிருந்து "எக்ஸ்-டி-நைன்னு சொல்லித் தள்ளுங்க" என்றார். எக்ஸ் என்றதும் பாதிப் பேர் தள்ளினார்கள். டி என்றதும் மீதிப் பேர் தள்ளினார்கள். நைன் வந்ததும் ஒடிசாத் தம்பிகள் டென் வரட்டும் என்று காத்து நின்றார்கள்! வண்டி இன்னும் ஒரு சாண் இறங்கியது.

வரப்பில் நின்ற சாமியாத்தாள் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க கண்ணுகளா, வாயில நொழையற பேராச் சொல்லித் தள்ளுங்க! மாட்டைக் கூப்புட்டாத்தானுங்க மாடு வரும்?" என்றார்.

எங்கள் பட்டறை முனீஸ்தான் தள்ளுகிற வரிசையில் கடைசி ஆள். முன்னால் நின்றவன் முதுகைப் பார்த்தான். "ஏலே, வேற பேரு எதுக்குல? முதுகுல இருக்கத வாசிச்சுத் தள்ளுங்கல!" என்றான். செவலை! ஒரே குரல். செவலை! தமிழ் எழுத்துத் தெரியாத ஒடிசாத் தம்பிகளும் சேர்ந்தார்கள். ஏறு செவலை! ஏறியது ஐயா, ஏறியது! சக்கரம் வாரியடித்ததில், ஜன்னலுக்கு வெளியே தலைநீட்டிய சாரின் வெள்ளைச் சட்டை மட்டும் தப்பவில்லை. அது சேறாகவே வந்தது.

பெயர் எதற்கு? கூப்பிட! கொஞ்ச! கோபம் வந்தால் திட்ட! நடுக்காட்டில் வண்டி நின்றால், "எக்ஸ்-டி-நைனே, என் ராசா, ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் ஆகிடு" என்று கெஞ்ச முடியுமா? நம்பர் கணக்குக்கு ஆகும். கஷ்டத்துக்குப் பெயர் வேண்டாமா?

சாருக்கும் அன்றே புரிந்துவிட்டது. பிறகும் ஏன் துணிக்கு அடியில் எக்ஸ்-டி-நைன்? ஆலோசகருக்குப் பயந்தா? இல்லை. நேற்று நேரில் போய்க் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "ஒருக்கா கேன்சல் பண்ணி உங்கள அழ வெச்சுட்டனுங்க. மறுக்காவும் பேரை மாத்தி உங்க லாட்டைக் கேன்சல் பண்ண மனசு வரலீங்க."

தாய்மார்களே, கேட்டீர்களா? ஒரு ஜீப்பின் பெயருக்கு முன்னால் மறித்து நிற்பது மலையா? மடுவா? என் பட்டறை டீ-சர்ட்டு! எனக்கு இது தேவைதானா? நாளைக்கு என் பிழைப்பு போனால் யார் பொறுப்பு என்று நீங்கள் கேட்கலாம். பயம் இல்லாமல் இல்லை. ராத்திரி எனக்கும் தூக்கம் வரவில்லை. ஆனாலும் என் அச்சுக்காக ஒரு நல்ல பெயர் சாக வேண்டாம்.

மோகன்ராஜ் சார்! ஆர்டரைக் கேன்சல் பண்ணாதீர்கள் என்று காலில் விழுந்தவர்களைத்தான் இந்த ஊர் பார்த்திருக்கிறது. கேன்சல் பண்ணுங்கள் என்று கைகூப்பி நிற்கும் முதல் பைத்தியக்காரி நான்தான். கேன்சல் பண்ணுங்கள் சார்! மனமார, வாயார, இத்தனை பேர் சாட்சியாகக் கேன்சல் பண்ணுங்கள்!

என்ன சார்? மைக் இல்லாமல் சொன்னால் யாருக்குக் கேட்கும்? சரி, நானே சொல்கிறேன். "செரிங்க்கா, கேன்சல்" என்கிறார்!

அடேயப்பா! ஆர்டர் போனதற்கு இப்படிக் கைதட்டும் ஊர் உலகத்தில் வேறெங்காவது உண்டா? பொங்கியண்ணன் அய்யாவே எழுந்து நிற்கிறார்! தம்பிகளே, துணியை எடுக்குமுன் அந்தப் பெயர்த்தகட்டைக் கழற்றுங்கள். மெதுவாக, பெயிண்டு போய்விடப் போகிறது!

பொறுத்துக் கேட்ட பெரியோர்க்கும், சிரித்துக் கேட்ட தாய்மார்க்கும், புரியாமலே தட்டிய சகோதரர்க்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. நாளைக் காலை காதர்பேட்டையில் எக்ஸ்-டி-நைன் டீ-சர்ட் மலிவாகக் கிடைக்கும். வீட்டுக்கு ரெண்டையாவது வாங்கிப்போட்டு என்னைக் காப்பாற்றுங்கள் என்று கும்பிட்டு அமர்கிறேன். வணக்கம்!