ஏழாம் நம்பர் சேர்

இல்லக்கா, எனக்கு காபி வேணாம். இன்னிக்கு மட்டும் அந்த ஏழாம் நம்பர் சேர் பேஷன்ட்ட நீங்க எடுத்துக்குங்க. உங்க மூணாம் நம்பர நான் பாத்துக்கறேன். சேச்சே, அவரு தொந்தரவெல்லாம் பண்ற ஆளில்ல.

நான் லிபியாவுல நர்ஸா இருந்தேன்னு சொல்லியிருக்கேன்ல? எங்க வீட்டுக்காரர் செழியனும் அதே ஆஸ்பத்திரிதான், லேப்ல. கடலோரச் சின்ன ஊரு. சண்டை வந்ததும் ஊர்ப் பசங்களே ஒரு படை சேத்தாங்க. தலைவரு அதுவரைக்கும் டைல்ஸ் கடை வெச்சிருந்தவரு. மொதல்ல தலைநகர்க்காரங்களோட சேந்துக்கிட்டு கெழக்கத்தி ஆளுங்கள அடிச்சாங்க. அடிபட்ட கெழக்கத்தி ஆள் யாராவது வார்டுக்கு வந்தா, கட்டிலோட சேத்து வெலங்கு போட்டுடுவாங்க. ஒருநாள் காலைல டியூட்டிக்குப் போறேன், வெலங்கு பக்கத்துக் கட்டில் தலைநகர்க்காரருக்கு மாறியிருக்கு. என்னப்பான்னா, இனிமே கெழக்கத்திக்காரங்கதான் நம்மாளுங்கங்கறான். காவலுக்கு நின்னது அதே பசங்கதான், கொடி மட்டும் வேற.

ஆமா, சிரிப்பாத்தான் இருக்கும். எங்களுக்கும் அப்ப சிரிப்புதான் வந்துச்சு.

அப்பறம் அந்தக் கூட்டும் ஒடைஞ்சுது. கெழக்கத்தி ஆளுங்களுக்கு யார் ரத்தம் எடுத்துக் குடுத்ததுன்னு அதே பசங்க விசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. குடுக்கச் சொன்னதே அவங்கதான்க்கா. பிளட் பேங்க் எங்க வீட்டுக்காரர் பொறுப்புல இருந்துச்சு. சும்மா ரெண்டு கேள்வி, கேட்டுட்டு விட்டுடறோம்னு அவர எங்க ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ்லயே ஏத்துனாங்க. நான் பின்னாடியே ஓடுனேன். டிரைவர் யூனுஸ் எங்க வீட்ல சாப்பிட்ட மனுஷன். என்னப் பாக்காம கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு வண்டிய எடுத்துட்டாரு.

அதோட சரி. எம்பசி, ரெட் கிராஸ், கேக்காத எடமில்ல. ஊர்ல காரியம் பண்ணிடலாம்னாங்க. நான் ஒத்துக்கல. எத வெச்சு ஒத்துக்கறது?

ஏழாம் நம்பர் பேரா? சார்ட்ல பாருங்க. யூனுஸ்தான்.

எப்படியோ அவரும் இந்த நாட்டுக்கு வந்துட்டாரு, சரி, நம்ம எடிசன் ஊரச் சுத்தி இத்தன டயாலிசிஸ் சென்டர் இருக்கு, இங்கதான் வரணுமா அவரு? ரெண்டு வாரமா நான்தான் ஊசி போடறேன். மாஸ்க் போட்டிருக்கேன்ல, அடையாளம் தெரியல. தேங்க் யூ சிஸ்டர்னு சொல்லிட்டுக் கண்ண மூடிக்கறாரு. எனக்கு வீட்டுக்குப் போனா ஒரு எடத்துல இருப்புக் கொள்ள மாட்டேங்குது, கார எடுத்துக்கிட்டு ரூட் ஒன் ஹைவேல சும்மா சுத்தறேன்.

இல்லக்கா, பயந்துக்கிட்டு மாத்திக் கேக்கல. கோவம் இருக்கு, இல்லேங்கல. ஆனா ஊசி என் கைல இருக்கறப்ப நான் யாருன்னு சொன்னா, பயத்துல எனக்குப் புடிச்ச மாதிரி எதையாவது சொல்லிடுவாரு. எனக்கு அது வேணாம். நீங்க போட்டுவிடுங்க. மெஷின் ஓட ஆரம்பிச்சதும் என் பிரேக்ல வந்து, மாஸ்க்கக் கழட்டிட்டு, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்.

அன்னிக்கு செழியன எங்க எறக்கி விட்டீங்கன்னு.