பதினோரு தையல்

— தலையை ஆட்டாம பிடி செல்லி! அந்தக் கத்திரியை இப்பிடிக் குடு. பச்சியப்பா, நீ அவன் காலை விட்டுட்டுத் தள்ளி நில்லு. தரையெல்லாம் ரத்தம், வழுக்கும்.

— நர்சம்மா, பொழைச்சுக்குவானா?

— பின்மண்டை முடியையே இன்னும் வெட்டி முடிக்கல, அதுக்குள்ள கேள்வியைப் பாரு. எங்க நடந்துச்சு?

— ஏரிக்கரை மேல, மதகு கிட்டங்க. ஏரித்தெருக்காரனுங்க எறிஞ்ச கல்லு. அங்கருந்து தோள்ல போட்டுத் தூக்கிக்கிட்டு வந்தேன். ஒண்ணரை மைலு. ஊரே பாத்துச்சு.

— ம்மோவ்... தெரசாம்மா... இவன் கண்ணு...

— கண்ணை நான் பாத்துக்கறேன். நீ துணியைப் பிழி. வாயைத் திறக்காத செல்லி, சரியா?

— என்னா அவன் கண்ணுக்கு?

— மயக்கம். தலையில அடிபட்டா கண்ணு செருகத்தான் செய்யும். ஊசியைப் பாத்தாலே உனக்கும் செருகும். அம்மை குத்த வந்தப்ப வைக்கப்போருக்குள்ள ஒளிஞ்சவன்தானடா நீ?

— வெளையாடாதீங்க நர்சம்மா. உயிரு இருக்குதா, இல்லியா? ஒத்த வார்த்தை. வெளியில அம்பது பேரு நிக்கிறானுங்க.

— நிக்கட்டும். வேப்பமரத்து நெழலு, நல்லா காத்து வரும்.

— கையில கெரசின் டின்னு இருக்குதுங்க. நான் இந்த வாசல்ல நின்னு 'ராஜாமணி போயிட்டான்'னு சொன்னா, ஏரித்தெருவுல ஒரு கூரை மிஞ்சாது. முப்பத்தெட்டு வூடு. அவ்ளோதான்.

— 'இருக்கான்'னு சொன்னா?

— நான் மறுபடி சொல்ற வரைக்கும் உக்காந்திருப்பானுங்க.

— அப்ப அதைப் போயி சொல்லு. இருக்கான். தையல் போடறேன். எவனாச்சும் கத்தினா என் கை நடுங்கும், கை நடுங்கினா அவன் கதை முடிஞ்சுதுன்னு சொல்லு. போ, வாசல்ல நின்னே சொல்லு.

— டேய்! உசுரு இருக்குடா! நர்சம்மா தையல் போடுது, எவனும் மூச்சு விடக்கூடாது! டேய், செகப்புச் சட்டை, அந்த டின்னைக் கீழ வை. நான் சொல்றப்ப எடுத்தாப் போதும்...

— ம்மோவ், முப்பத்தெட்டுல எங்க வூடும் ஒண்ணும்மா. எம்புள்ளைங்க ரெண்டும் அங்கதான் வெளையாடிக்கிட்டு இருக்குதுங்க. இவனுக்குத்தான் உசுரே இல்லியே...

— மெதுவா பேசு. எனக்கும் தெரியும், கொண்டாந்து போட்டப்பவே இல்ல. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். கேளு, சீக்கிரம் கேளு. மணி பத்தேகால். பதினோரு மணி பஸ் உங்க தெரு முக்குல நிக்கும். ஓடிப்போயி எல்லாரையும் அதுல ஏத்து. கெழவன், கெழவி, புள்ளத்தாச்சி, ஒருத்தரையும் விடாத. ஆடு, சட்டி பானைன்னு எவளாச்சும் நின்னா ரெண்டு அறை குடு.

— இந்தப் பாவி திரும்பி வந்து தொட்டுப் பாத்துட்டான்னா?

— தொட விடமாட்டேன். பதினோரு மணி வரைக்கும் இவன் சாகக்கூடாதுடி செல்லி. அது என் பொறுப்பு.

— என்னா அங்க குசுகுசுன்னு?

— குளூக்கோஸ் பாட்டில் தீந்துபோச்சுடா. என் குவார்ட்டர்ஸ்ல டிரங்குப் பெட்டியில ஒண்ணு இருக்கு. செல்லி போயி எடுத்துட்டு வரட்டும்.

— உங்க குவார்ட்டர்ஸ்க்கு ஏரித்தெருவைத் தாண்டிப் போவணுமே.

— பறந்து போற வழி உனக்குத் தெரிஞ்சா சொல்லு.

— ...சரி. டேய்! செல்லியக்காவுக்கு வழி விடுங்கடா! மருந்து எடுக்கப் போவுது. எவனாச்சும் கையை நீட்டினீங்க, தோலை உரிச்சிடுவேன்! போக்கா. மெதுவாவே போ.

— ஒண்ணு.

— எத்தினி தையல் வரும்?

— பதினொண்ணு. நிதானமாத்தான் போடுவேன். அவசரம்னா தர்மபுரிக்குத் தூக்கிக்கிட்டுப் போ.

— எப்பிடிப் போறது? போனும் இல்ல. போஸ்ட் ஆபீஸ் ஒயரைக் காலையிலயே நம்ம பசங்க அறுத்துட்டானுங்க.

— காலையிலயேவா? இவன் அடிபடறதுக்கு முன்னாலயேவா?

— எதுக்கும் இருக்கட்டும்னுதான். நீங்க ஊசியைப் பாத்துப் போடுங்க.

— ரெண்டு. இவன் ஆத்தா எங்க? கோவிந்தம்மாவுக்குத் தெரியுமா?

— காரிமங்கலம் சந்தைக்குப் போயிருக்குது. தெரியாத வரைக்கும் அதுக்கு நல்லதுதான. இன்னிக்கு ஒரு நாளாச்சும் நிம்மதியா யாவாரம் பாக்கட்டும்.

— நல்ல மனசுடா உனக்கு. மூணு. சரி, எதுக்கு இந்த அடிதடி? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. ஒரு இரும்புக் கொடிக்கம்பம், அதானே?

— இருபத்தோரு அடிக் கம்பங்க. எண்பத்தஞ்சுல நம்ம தெருப் பசங்க மன்றம் ஆரம்பிச்சப்ப பஸ் ஸ்டாப்புல நட்டோம். அடுத்த மாசமே ஏரித்தெரு பசங்க எதிர்ல இருபத்திரண்டு அடி நட்டானுங்க.

— ஒரு அடிக்கு.

— சிரிப்பீங்க. பட்டணத்துல படிச்சவங்க எல்லாம் சிரிப்பாங்க.

— சிரிக்கலடா. இந்த ஒரு வருஷத்துல அந்த ஒரு அடிக்கு எட்டு மண்டை தைச்சிருக்கேன். உங்க தெருவுல நாலு, அவங்க தெருவுல நாலு. அதுல மட்டும் நீங்க சமம்.

— கையைத் தொட்டுப் பாக்கட்டா? ஜில்லுன்னு இருக்குமா, சூடா இருக்குமான்னு.

— தொடாத! கறி வெட்டின கை, கழுவினியா? சீழ் புடிச்சுதுன்னா இத்தனை தையலும் வீணு. நாலு.

— நெஞ்சு ஏறி எறங்கின மாதிரி தெரியல.

— நீ டாக்டரா? தலையில அடிபட்டவன் மூச்சு மேலாகத்தான் வரும். சட்டைக்கு மேல தெரியாது. வெளியில என்னா சத்தம்? போயி அடக்கு.

— டேய், எவன்டா அது விசில் அடிக்கறவன்? இதென்ன சினிமா கொட்டாயா? உக்காரு! ...போதுமா நர்சம்மா? நான் சொன்னா உக்காருவானுங்க, நான் சொன்னா எந்திரிப்பானுங்க.

— பாத்தேன். அஞ்சு. உங்களுக்குள்ள பேசித் தீத்துக்கப் போறீங்கன்னு சொன்னாங்களே. ரெண்டு மணிக்கு பள்ளிக்கூடத்துக்குத் தாசில்தார் வர்றாராமே.

— ஆமாங்க. அந்தத் தெருவுல பன்னெண்டு பேரு, நம்ம தெருவுல பன்னெண்டு பேரு. எல்லாம் இருபத்தஞ்சுக்குள்ள. பெரியவங்க வேணாம், நாங்களே பேசி முடிச்சுக்கறோம்னு எழுதிக் குடுக்கறது. ரெண்டு கம்பத்தையும் புடுங்கிடறது. ரெண்டு தெருவுக்கும் சேத்து ஒரு வாலிபால் கோர்ட்டு.

— யாரு எழுதினது?

— இவன்தான். இங்க படுத்துக்கிட்டு இருக்கானே, இவன்தான். மன்றத்துல நோட்டீஸ் எல்லாம் ராஜாமணி எழுத்துதான். முத்து முத்தா இருக்கும்.

— நீ கையெழுத்து போட்டியா?

— தலைவரு கையெழுத்து கடைசியிலதாங்க.

— ஆறு. நிஜத்தைச் சொல்லு. உனக்குச் சமாதானம் வேணாம், அதான?

— சமாதானம் ஆயிட்டா நான் யாருங்க? எட்டாவது ஃபெயிலு. பெரியப்பன் கறிக்கடையில ஆட்டுத்தோலு உரிக்கறவன். எங்கப்பனை இந்த ஊருல வாங்கன்னு எவனும் கூப்பிட்டதில்ல. கம்பம் நட்ட அன்னிக்கு அம்பது பேரு 'தலைவரே'ன்னானுங்க. அந்தச் சத்தத்தை ஒருவாட்டி கேட்டுட்டா, அப்பறம் ஆட்டுத்தோலு நாத்தம் தாங்காதுங்க.

— ஏழு. இவனும் 'தலைவரே'ன்னானா?

— இவன் மட்டும் 'பச்சி'ன்னு கூப்புடுவான். ஒண்ணாவதுல இருந்து.

— எட்டு. லைட்டை மறைக்காத. அந்தப் பக்கம் போயி ஸ்டூல்ல உக்காரு.

— மணி என்னா?

— பத்து அம்பத்தஞ்சு. எதுக்கு?

— சும்மாதான் கேட்டேன். நீங்களும் அந்தக் கடிகாரத்தையே பாக்கறீங்களே.

— நாடி எண்ணறேன்டா. கடிகாரத்தைப் பாக்காம எப்பிடி எண்றது? பேசாம இரு, சரியா? ஒம்பது.

— எண்ணுங்க, எண்ணுங்க.

— பத்து. ...பதினொண்ணு. முடிஞ்சுது. இனிமே கட்டுப் போடணும். அந்தத் துணிச்சுருளை எடு. மெதுவா, ஒண்ணும் அவசரமில்ல.

— பஸ் ஹாரன் கேக்குது.

— கேக்கட்டும். தினம் கேக்கறதுதான.

— ரொம்ப நேரம் நிக்குதே அங்க. முக்குல அவ்ளோ நேரம் நிக்காது.

— ஸ்டார்ட் ஆகாம இருக்கும். பழைய வண்டி. துணியைப் பிடி, இறுக்கிப் பிடி. இன்னொரு சுத்து... இன்னும் ஒரு சுத்து... போதும்.

— ம்மோவ்!

— வாடி செல்லி. உள்ள வா. எதுக்கு வாசல்லயே நிக்கற?

— பாட்டில்... பாட்டில் கெடைக்கலிங்கம்மா...

— பாட்டில் கெடக்குது. இவன் எதிர்லயே சொல்லு. இனிமே மறைக்க ஒண்ணுமில்ல.

— போயிட்டாங்கம்மா! மொத்தத் தெருவும் ஏறிடுச்சு, பஸ் டாப்புல கூட. எம்புள்ளைங்க டிரைவரு பக்கத்துல. தீர்த்தம்மாக் கெழவி வரமாட்டேன்னுச்சு, நாலு பேரு தூக்கி சன்னல் வழியா போட்டாங்க. தெருவுல இப்ப நாயும் கோழியுந்தாம்மா.

— ஏசுவே... பச்சியப்பா, உக்காரு. கேளு. உன் கூட்டாளி செத்துட்டான். இந்த டேபிள் மேல போட்டப்பவே செத்துட்டான். முக்கா மணி நேரமா ஒரு பொணத்துக்குத் தையல் போட்டேன். எனக்கு இது பாவந்தான், நான் பதில் சொல்லிக்கறேன். ஆனா அந்த எரநூறு உசுரு இப்ப இண்டூரைத் தாண்டியிருக்கும். உன் கெரசினுக்கு ஒரு ஆளும் கெடைக்காது.

— தெரியுங்க.

— என்னா தெரியும்?

— பொணம்னு தோள்ல இருந்து எறக்கறப்பவே தெரியும். மூணு தையல் போட்டீங்க, ஊசி ஏறின எடத்துல ஒரு சொட்டு கசியல. கறிக்கடைக்காரன்கிட்டயா நர்சம்மா இந்த வேலை?

— தெரிஞ்சும்... ஏன்டா உக்காந்திருந்த?

— நீங்க தெருவைக் காலி பண்ணித் தர்ற வரைக்கும். செல்லியக்காவுக்கு வழி விடச் சொன்னது யாரு? நான்தான. ஆளோட எரிச்சா தூக்குக் கயிறு. வெறும் கூரைன்னா மூணு மாசம் ஜெயிலு, வெளியில வந்தா மாலை. இப்ப பாருங்க, ஒரு குடம் தண்ணி ஊத்தக்கூட அங்க ஆளில்ல. எங்க பசங்க அம்பது பேரால ஆவாத காரியத்தை நீங்க ரெண்டு பொம்பளைங்க முடிச்சுட்டீங்க.

— வாசலுக்குப் போகாத. பச்சியப்பா, நில்லு! நில்லுடா!

— டேய்ய்! ராஜாமணி போயிட்டான்டா! நம்ம ராஜாமணியைக் கொன்னுட்டானுங்கடா! எடுங்கடா டின்னை!

— ஐயோ, என் வூடு... எம்புள்ளைங்க துணிமணிகூட எடுக்கல சாமி... என் வூடு...

— கூப்பிடுடா அவனுங்களை! நீ சொன்னா உக்காருவானுங்கன்னியே, சொல்லு! இவன் சமாதானத்துக்குக் கையெழுத்து போடப் போனவன்டா. இவன் பேரைச் சொல்லியா எரிக்கறீங்க?

— இனிமே மன்றத்துக்கே இவன் பேருதாங்க. கம்பத்துக்குக் கீழ கல்லு நட்டு, வருஷா வருஷம் மாலை போடுவோம். உசுரோட இருந்தா இவனுக்கு அது கெடைச்சிருக்குமா?

— ரெண்டு மணிக்கு தாசில்தார் வருவாரு. அத்தனையும் சொல்லுவேன்.

— சொல்லுங்க. செத்தவனுக்கு முக்கா மணி நேரம் தையல் போட்டேன்னும் சேத்துச் சொல்லுங்க. வெளியில அம்பது பேரு சாட்சி, உசுரு இருக்குதுன்னு நீங்க சொன்னீங்கன்னு. ஆஸ்பத்திரியில வெச்சு சாகடிச்சுட்டாங்கன்னுகூட பேச்சு வரும். பாத்துக்கங்க.

— ம்மோவ், பொகை... ஏரிப்பக்கம் பொகைம்மா!

— கல்லை எறிஞ்சவன் ஒருத்தன்டா. அந்த ஒருத்தனைப் பிடிச்சுக் குடுத்திருக்கலாம். ஒருத்தனுக்காக முப்பத்தெட்டு வூடா? யாரு எறிஞ்சான்? நீ பாத்தியில்ல, பேரைச் சொல்லு. ஏரித்தெருவுல எவன்?

— ஏரித்தெரு பசங்க பன்னெண்டு பேரும் முன்கூட்டியே கையெழுத்து போட்டுக் குடுக்கக் கரைக்குக் கீழ நின்னானுங்க. எவன் கையிலயும் கல்லு இல்ல, பேனாதான் இருந்துச்சு. இவன் காயிதத்தைத் தூக்கிக் காட்டிக்கிட்டே, 'வா பச்சி'ன்னு சிரிச்சுக்கிட்டே அவனுங்களைப் பாக்க எறங்கினான். அவனுக்குப் பின்னால நின்னது நான் ஒருத்தன்தாங்க.